சுவரில் மாட்டிய வரலாறு

நுழையும்முன்

கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் வரலாற்றுச் சான்றுகள் என்பதை அனைவரும் அறிவர். வீட்டுக் கூடத்தில் தொங்கும் பழைய கண்ணாடிப் படமும் அவ்வரிசையில் இடம்பெறத் தக்கதே. மலிவான தாளில் அச்சிடப்பட்டு, மரச்சட்டத்துள் அடைக்கப்பட்டு, மூன்று நான்கு தலைமுறையினரின் அன்பையும் வணக்கத்தையும் ஏற்ற அப்படங்கள் இன்று வேகமாக மறைந்துவருகின்றன. அவற்றைப் பார்த்து அறியவும் மதிப்பிடவும் காக்கவும் வழிகாட்டுகிறது இப்பாடம்.

மலையடி வீடும் மங்கிய படமும்

திருவண்ணாமலையை வலம்வரும் கிரிவலப் பாதை ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுடையது. நகரின் இராசகோபுரத்திலிருந்து நோக்கினால், மலைக்கு அப்பால் மேற்குத் திசையில் அமைந்திருக்கும் ஊர் அடி அண்ணாமலை. ஆதி அண்ணாமலையார் கோயிலும் மாணிக்கவாசகர் கோயிலும் இவ்வூரில் உள்ளன. முழுநிலவு நாள்களில் வலம்வருவோர் கூட்டம் இவ்வூரின் வழியாகவே செல்கிறது. பாதையின் இருமருங்கிலும் புதிய கட்டடங்கள் எழுகின்றன. ஓட்டு வீடுகள் குறைந்துவருகின்றன.

ஓட்டு வீடு ஒன்றைப் பிரிக்கும்போது தூண், உத்திரம், கதவு, நிலை ஆகியவற்றுக்கு உடனே விலை பேசப்படுகிறது. கூடத்துச் சுவரில் உயரமாக, முன்னோக்கிச் சாய்ந்தவாறு மாட்டப்பட்டிருந்த கண்ணாடிப் படங்கள் மட்டும் ஒரு மூலையில் அடுக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, குழந்தைக் கண்ணனை அணைத்திருக்கும் யசோதையின் படம் எனக் கொள்க. கண்ணாடியில் புகை படிந்திருக்கிறது. குங்குமம் வைத்த இடம் கறுத்திருக்கிறது. தாளின் ஓரம் பழுத்திருக்கிறது. பழைய பொருள் வாங்க வந்தவர் சட்டத்தின் மரத்தைத் தட்டிப் பார்த்து அதற்கு மட்டும் ஒரு விலை சொல்கிறார். வீட்டின் இளையவர், 'இதே படம் கடையில் புதிதாகக் கிடைக்குமே' என்கிறார். பாட்டியோ, 'அது எங்கம்மா சீரோடு கொண்டுவந்த படம்' என்று சொல்லி அதைத் தம் பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்கிறார்.

மூவரும் பார்ப்பது ஒரே பொருளைத்தான். ஒருவர் மரத்தைக் காண்கிறார். ஒருவர் உருவத்தைக் காண்கிறார். ஒருவர் நினைவைக் காண்கிறார். இம்மூன்றையும் ஒருசேரக் கண்டு, அவற்றோடு அச்சின் வரலாற்றையும் சேர்த்துப் பார்ப்பதே மதிப்பிடல் ஆகும்.

கல்லில் பிறந்த வண்ணம்

இத்தகைய படங்களை அறிய, அவை உருவான முறையை முதலில் அறிதல் வேண்டும். 1796ஆம் ஆண்டளவில் செருமனியைச் சேர்ந்த அலாய்சு செனபெல்டர் என்பவர் கல்லச்சு முறையைக் கண்டறிந்தார். எண்ணெயும் நீரும் ஒன்றோடொன்று கலவா என்னும் எளிய உண்மையே இம்முறையின் அடிப்படை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக் கல்லின்மீது எண்ணெய்ப் பசையுள்ள கோலால் படம் வரையப்படும். பிறகு கல் நீரால் நனைக்கப்படும். வரைந்த இடம் நீரை ஏற்காது. வரையாத இடம் நீரை ஏற்கும். அதன்மீது எண்ணெய் கலந்த மையை உருட்டினால், மை வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். தாளை வைத்து அழுத்தினால் படம் தாளில் பதியும்.

வண்ணப் படத்திற்கு ஒரு கல் போதாது. மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, தோலின் வெளிர்நிறத்துக்கு ஒன்று என ஒவ்வொரு நிறத்திற்கும் தனித்தனிக் கல் வேண்டும். ஒரே தாள் பத்துக்கும் மேற்பட்ட கற்களின்மீது அடுத்தடுத்து அழுத்தப்படுவதும் உண்டு. ஒருமுறை தாள் இம்மியளவு விலகினாலும் உதட்டின் சிவப்பு கன்னத்தில் ஏறிவிடும். இவ்வாறு அச்சிட்ட படத்தின்மேல் மெருகெண்ணெய் பூசி, துணியின் இழையமைப்புத் தோன்றுமாறு அழுத்தி, எண்ணெய் வண்ண ஓவியம் போலவே காட்சியளிக்கச் செய்தனர். 'ஓலியோகிராஃப்' எனப்படும் எண்ணெய்வண்ண அச்சுப்படம் இதுவே.

இந்தியாவில் இம்முறைக்குப் பெரும்புகழ் தேடித் தந்தவர் கிளிமானூரில் பிறந்த இராஜா இரவிவர்மா (1848–1906). அவருடைய ஓவியங்களைக் காண அரண்மனைகளுக்குச் செல்ல வேண்டியிருந்தது. அவற்றை அச்சிட்டுப் பலருக்கும் கிடைக்கச் செய்யலாம் என்னும் கருத்தை அவருக்கு எடுத்துரைத்தவர், கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாகப் பணியாற்றிய டி. மாதவராவ். 1894இல் மும்பையில் இரவிவர்மாவின் அச்சகம் தொடங்கப்பட்டது. பின்னர் அது லோனாவ்லாவுக்கு அருகிலுள்ள மளவ்லிக்கு மாற்றப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமானியத் தொழில்நுட்பர் பிரிட்சு சிலைசர் அதனை விலைக்கு வாங்கி நடத்தினார். திருமகளும் கலைமகளும் அங்கிருந்து தாளில் பயணம் செய்து நாடெங்கும் உள்ள வீடுகளை அடைந்தனர். 1972இல் நேர்ந்த தீவிபத்து அவ்வச்சகத்தை அழித்தது. எனவே, வீடுகளில் எஞ்சியுள்ள படங்களே அதன் உழைப்புக்கு இன்று சான்றாக நிற்கின்றன.

மெய்ப்பாட்டைத் தூண்டும் படங்கள்

உள்ளத்து உணர்வு உடலின்வழி வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று கூறும் தொல்காப்பியம், அதனை எட்டாக வகுக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் அச்சுப்படங்கள் பலவும் காண்போரிடத்தில் இம்மெய்ப்பாடுகளுள் ஒன்றைத் தூண்டும் நோக்கில் உருவாக்கப்பட்டவை. யசோதை–கண்ணன் படம் உவகையை எழுப்புகிறது. அன்னத்தோடு பேசும் தமயந்தியின் படம் பிரிவின் ஏக்கத்தை உணர்த்துகிறது.

இப்போக்கு இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. 1886இல் இங்கிலாந்து ஓவியர் ஜான் எவரெட் மில்லே, சோப்புக்குமிழியை அண்ணாந்து பார்க்கும் சிறுவனைத் தீட்டினார். அவ்வோவியம் ஒரு சோப்பு நிறுவனத்தின் விளம்பரமாக அச்சாகி எண்ணற்ற வீடுகளுக்குச் சென்றது. உணர்வைத் தூண்டும் படத்தை மக்கள் விரும்பி மாட்டுவர் என்பதை வணிகர்கள் உணர்ந்துகொண்டனர். தமிழ்நாட்டில் நாட்காட்டிப் படங்கள் செய்ததும் இதையே. துணிக்கடையின் பெயரும் மளிகைக்கடையின் பெயரும் முருகன், மீனாட்சி படங்களோடு வீட்டினுள் நுழைந்தன.

இத்தகைய படங்களை 'மலிவான உணர்ச்சி' என்று ஒதுக்கிய கலை விமரிசகர்கள் உண்டு. ஒரே உருவம் ஆயிரக்கணக்கில் அச்சிடப்படுவதால் அதில் தனித்தன்மை இல்லை என்பது அவர்தம் கருத்து. அச்சகத்தை விட்டு வெளியேறும்போது எல்லாப் படிகளும் ஒன்றுபோல் இருந்தன என்பது உண்மையே. ஆனால், வீட்டுக்குள் வந்தபின் ஒவ்வொரு படியும் ஒவ்வொரு வாழ்க்கையைப் பெற்றது. ஒன்றில் பெண்கள் சரிகையும் சம்கியும் ஒட்டி உருவத்திற்கு ஆடை அணிவித்தனர். மற்றொன்றில் குழந்தையின் பிறந்தநாள் பின்புறம் எழுதிவைக்கப்பட்டது.

கோயில் வாசலைக் கடந்த படம்

அச்சுப்படத்தின் வரலாற்றில் சமூகப் பொருண்மை மிக்க பகுதி ஒன்று உண்டு. அப்படங்கள் பரவிய காலத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பல கோயில்களில் நுழையும் உரிமை மறுக்கப்பட்டிருந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் அம்மக்கள் நுழைந்தது 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாளில்தான். அதே ஆண்டில் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பும் அளிக்கப்பட்டது.

கருவறைத் திருமேனியைக் காண ஒருவருக்கு உரிமை இல்லாத நாளிலும், அவ்விறை உருவத்தைத் தாளில் வாங்கித் தம் வீட்டில் வைத்து விளக்கேற்ற எவரும் தடை சொல்ல இயலவில்லை. சில அணாக்களுக்குக் கிடைத்த படம், சாதியின் பெயரால் மூடப்பட்டிருந்த காட்சியைத் திறந்து காட்டியது. எனவே, ஒரு சிற்றூர் வீட்டின் மங்கிய படம் அழகுப்பொருளாக மட்டும் நின்றுவிடுவதில்லை. வழிபாட்டுரிமை வரலாற்றின் ஆவணமாகவும் அது திகழக்கூடும். யார் வீட்டில், எந்த ஆண்டுமுதல் அது தொங்கியது என்னும் செய்தி இல்லாதுபோனால் அந்த ஆவணம் ஊமையாகிவிடும்.

அருணையிலிருந்து கோவில்பட்டிக்கு

தமிழ்நாட்டு நாட்காட்டிப் படங்களின் முன்னோடியாகப் போற்றப்படும் ஓவியர் கொண்டையராஜுவுக்கும் (1898–1976) திருவண்ணாமலைக்கும் தொடர்பு உண்டு. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற அவர், துறவு நாட்டத்தால் திருவண்ணாமலையில் இரமணரின் ஆசிரமத்தை நாடிச் சென்று தங்கினார். பின்னர் நாடகக் குழுவில் காட்சித் திரைகளைத் தீட்டும் பணியை மேற்கொண்டார். நிறைவாகக் கோவில்பட்டியில் நிலைகொண்டார். அங்கு டி.எஸ். சுப்பையா உள்ளிட்ட மாணவர்கள் அவரைச் சூழ்ந்து உருவாயினர்.

நாடகத் திரையில் அவர் பழகிய மண்டபத் தூண்களும் மடிப்புத் திரைகளும் மலைக்காட்சிகளும் அவருடைய தெய்வப் படங்களின் பின்னணியாயின. அப்படங்கள் சிவகாசி அச்சகங்களின் வாயிலாகத் தமிழகமெங்கும் பரவின. ஆண்டு முடிந்ததும் மக்கள் நாட்காட்டியின் தேதித்தாளைக் கிழித்துவிட்டு, படத்தை மட்டும் கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டனர். கனடா நாட்டு ஆய்வாளர் சுடீபன் இங்கிலிசு, கொண்டையராஜுவின் படங்களை விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளார். கடைக்காரர்கள் இலவசமாக வழங்கிய படங்கள் உலக ஆய்வாளர்களின் கவனத்திற்கு உரியனவாயின என்பது எண்ணத்தக்கது.

தெரிந்து தெளிவோம்

1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டம் 1976இல் நடைமுறைக்கு வந்தது. 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழைமையுடைய ஓவியம், சிற்பம் முதலிய கலைப்பொருள்கள் இச்சட்டப்படி தொல்பொருள்கள் ஆகும். கலை, இலக்கிய, வரலாற்று, அறிவியல் மதிப்புடைய சுவடிகளுக்கும் ஆவணங்களுக்கும் 75 ஆண்டுகள் போதுமானவை. தொல்பொருள்களைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக்கூடாது. இரவிவர்மாவின் ஓவியங்கள் நாட்டின் கலைச்செல்வங்களாக அறிவிக்கப்பட்டவை. அவருடைய மூல ஓவியங்களைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் திருவனந்தபுரம் சித்ரா கலைக்கூடத்திலும் காணலாம்.

கண்கொண்டு மதிப்பிடல்

பழைய படத்தை மதிப்பிடுவோர் ஓர் ஒழுங்கைப் பின்பற்றுவர். பார்வை முன்புறத்தில் தொடங்கிப் பின்புறத்தில் முடிய வேண்டும். பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடி ஒன்றும் பகல் வெளிச்சமும் இதற்குப் போதுமானவை.

முதலாவது, அச்சின் தன்மை. உருப்பெருக்கியால் முகத்தின் நிழற்பகுதியைக் காணுதல் வேண்டும். கையால் வரைந்த கல்லச்சில் புள்ளிகள் சிறிதும் பெரிதுமாக, நெருங்கியும் விலகியும் சிதறியிருக்கும். பிற்காலத்து ஆப்செட் அச்சில் நீலம், செந்நிறம், மஞ்சள், கருப்பு ஆகிய நான்கு நிறப் புள்ளிகள் கட்டம் போட்டாற்போல் ஒழுங்காக அமைந்திருக்கும். இன்றைய கணினி அச்சில் நுண்துளிகள் தெளித்தாற்போல் தோன்றும். பழுப்பு நிறம் ஏற்றிப் பழைய படமென விற்கப்படும் புதிய படிகளை இந்த ஒரு சோதனையே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது, தாள். 1950ஆம் ஆண்டளவிலிருந்து தாளை வெண்மையாகக் காட்டும் ஒளிர்பொருள்கள் கலக்கப்பட்டுவருகின்றன. இருட்டறையில் புறஊதா விளக்கின்கீழ் அத்தகைய தாள் நீலமாக ஒளிரும்; அதற்கு முந்தைய தாள் அவ்வாறு ஒளிர்வதில்லை.

மூன்றாவது, ஓரம். அச்சகத்தின் பெயரும் ஊரும் ஓவியரின் பெயரும் படத்தின் கீழ் விளிம்பில் சிறிய எழுத்தில் இடம்பெறுவது வழக்கம். செருமனியில் அச்சிடப்பட்டது என்னும் குறிப்பும் சில படங்களில் காணப்படும். ஆனால், படத்தைச் சட்டத்தின் அளவுக்குப் பொருத்துவதற்காகக் கண்ணாடிக் கடையினர் அவ்விளிம்பை வெட்டிவிடுவதுண்டு. விளிம்போடு கிடைக்கும் படம், விளிம்பிழந்த படத்தினும் மதிப்பு மிக்கது.

நான்காவது, பின்புறம். பின்பலகையும் அதில் ஒட்டிய தாளும் பல உண்மைகளைச் சொல்லும். கண்ணாடி போட்ட கடையின் சீட்டு, பின்னால் வைத்து ஒட்டிய செய்தித்தாள், கையால் எழுதிய தேதி ஆகியவை காலத்தைக் காட்டுவன. செய்தித்தாளின் தேதி, படம் அச்சான நாளைக் காட்டாது. சட்டம் போடப்பட்ட காலம் அத்தேதிக்கு முந்தையதன்று என்பதை மட்டுமே காட்டும். சான்று எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை எனப் பிரித்தறிவது மதிப்பிடுவோரின் முதற்கடமை.

ஐந்தாவது, சட்டம். தேக்குச் சட்டமும் பழைய ஆணிகளும் படத்தோடு பிறந்தவையா, பின்னர் சேர்ந்தவையா என்பதை நோக்க வேண்டும். சட்டம் மாற்றப்பட்டிருந்தால், சட்டத்தின் உள்விளிம்புக்கும் தாளில் படிந்த பழுப்புக் கோட்டுக்கும் பொருத்தம் இராது.

ஆறாவது, நிலை. மடிப்பு, கிழிசல், ஈரக்கறை, இராமபாணப் பூச்சி அரித்த துளை, வெயிலால் வெளுத்த நிறம் ஆகியவற்றை ஒன்றுவிடாமல் குறித்தல் வேண்டும். குறையை மறைத்துக் கூறும் மதிப்பீடு விற்பனைப் பேச்சாகிவிடும்.

அழுக்கா? சான்றா?

சந்தையில் படத்தை வாங்குவோர் தூய்மையான படியையே விரும்புவர். ஆகவே, விற்பனைக்கு முன் கண்ணாடி தேய்த்துக் கழுவப்படுகிறது; பின்பலகை எறியப்படுகிறது; புதிய சட்டம் போடப்படுகிறது. குங்குமக் கறையும் சூடத்தின் புகையும் அவ்வேளையில் அழுக்காகிவிடுகின்றன. வரலாற்றாய்வாளர்க்கோ அவையே முதன்மையான சான்றுகள். படத்தில் எந்த உருவத்துக்குப் பொட்டு வைக்கப்பட்டது, எந்த உயரத்தில் விளக்கு எரிந்தது, எத்தனை ஆண்டு மாலை அணிவிக்கப்பட்டது என்பதை அக்கறைகளே அறிவிக்கின்றன. கொண்டையராஜுவின் படத்தை அச்சகம் உருவாக்கியது. பொட்டு வைத்த கை அதனைக் குடும்பத்தின் படமாக்கியது.

எனவே, பழைய படத்தைத் துடைப்பதற்குமுன் நான்கு பக்கமும் ஒளிப்படம் எடுத்துக்கொள்ளுதல் நன்று. தாளின்மீது நீரோ எண்ணெயோ படக்கூடாது. ஒட்டுநாடாவால் கிழிசலை இணைத்தால் அதன் பசை நாளடைவில் தாளைப் பழுப்பாக்கும். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட தாளைப் பிரித்தெடுக்க முயன்றால் மையும் உடன் உரிந்துவரும். அதனைப் பயிற்சி பெற்ற பாதுகாப்பாளரிடமே விட வேண்டும். ஈரம் ஏறும் சுவர், நேர்வெயில் படும் இடம், அடுப்பங்கரை ஆகியவை படத்திற்குப் பகை.

விலையும் மதிப்பும்

விலை என்பது குறித்த ஒரு நாளில், ஒருவர் கொடுக்கவும் மற்றவர் பெறவும் இசையும் தொகை. அருமை, அச்சகம், நிலை, தேவை ஆகிய நான்கும் அதனை உறுதிசெய்கின்றன. ஒரே தோற்றமுடைய இரு படிகளுள் ஒன்று பல மடங்கு விலைபோவதற்கு இவையே காரணம். பழைமை மட்டும் விலையைத் தந்துவிடுவதில்லை. மிகுதியாக அச்சிடப்பட்ட படம் நூறாண்டு கடந்தாலும் எளிய விலைக்கே போகலாம்.

மதிப்போ வேறு. அது படத்தைப் பற்றி அறிந்த செய்திகளால் வளர்வது. யார் வாங்கியது, எந்த ஊரில், எந்த நிகழ்வையொட்டி, எந்தச் சுவரில் மாட்டியது என்னும் வழிவரலாறு இணைந்தால், விலை குறைந்த படமும் அருங்காட்சியகத்திற்கு உரியதாகலாம். வழிவரலாறு அறுந்தால், விலை மிக்க படமும் அலங்காரப் பொருளாகச் சுருங்கிவிடும். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் படங்களைக் காண்போர் இவ்வுண்மையை உணர்வர். அங்குள்ள ஒவ்வொரு படத்துக்கும் விலை உண்டு; அது எந்த வீட்டுப் படம் என்று சொல்வார் அரியர்.

அடி அண்ணாமலையின் ஓட்டு வீட்டில் மூலையில் சாய்த்து வைக்கப்பட்ட யசோதையின் படத்திற்கு என்ன மதிப்பு? உருப்பெருக்கி அச்சின் வகையைச் சொல்லும். விளிம்பு அச்சகத்தைச் சொல்லலாம். சட்டம் மரத்தின் தரத்தைச் சொல்லும். 'எங்கம்மா சீரோடு கொண்டுவந்த படம்' என்னும் செய்தியைச் சொல்ல அந்தப் பாட்டி ஒருவரே இருக்கிறார். அம்மாவின் ஊர் எது, திருமணம் எந்த ஆண்டில் நடந்தது, படம் எங்கே வாங்கப்பட்டது என்று அவரிடம் கேட்டு எழுதி, அத்தாளை ஓர் உறையிலிட்டுப் படத்தோடு வைக்கச் சிறிது நேரம் போதும். கடையில் புதிதாக வாங்கும் படத்தோடு அந்த உறை வருவதில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ உள்ள பழைய கண்ணாடிப் படம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பாடத்தில் கூறப்பட்ட ஆறு நிலைகளில் ஆராய்ந்து ஒரு பக்க அளவில் மதிப்பீட்டுக் குறிப்பு எழுதுக.

2. அப்படத்தைப் பற்றி வீட்டின் மூத்தவர் ஒருவரிடம் நேர்காணல் நடத்துக. அவர் கூறியவற்றை அவருடைய சொற்களிலேயே பதிவுசெய்து வகுப்பறையில் படித்துக்காட்டுக.

3. 'பழைய படத்தின் கறைகளை நீக்க வேண்டும்', 'கறைகளைக் காக்க வேண்டும்' என்னும் இரு தலைப்புகளில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.

4. 'கோயில் நுழைவுரிமையும் அச்சுப்படமும்' என்னும் பொருளில் உங்கள் கருத்துகளைக் கட்டுரையாக்குக.